சந்தைத் தரகரும் கிராப்2 புரதமும்

[திரையில்: மாட்டுச்சந்தை, துண்டுக்குள் இரண்டு கைகள்]

வணக்கம். கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் மாடு பிடிக்க எல்லை தாண்டிப் பொள்ளாச்சி சந்தைக்குத்தான் போவார்கள். அங்கே தரகரைக் கவனியுங்கள். அவரிடம் மாடு இல்லை, வாங்கப் பணமும் இல்லை. துண்டால் மூடிக்கொண்டு ஒருவர் விரலைத் தொட்டு விலையைத் தெரிந்துகொள்வார், அப்புறம் அடுத்தவர் கையைப் பிடிப்பார். அவர் இல்லாமல் வியாபாரம் நடக்காது.

செல்லுக்குள் அந்த வேலையைச் செய்பவை அடாப்டர் புரதங்கள்.

கைனேஸ் என்பது இன்னொரு புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதிக் குழுவை ஏற்றும் என்சைம். அடாப்டருக்கு அந்தத் திறமை கிடையாது, அதற்கு இருப்பது கைகள் மட்டுமே. கிராப்2 என்ற அடாப்டரில் வெறும் 217 அமினோ அமிலங்கள். நடுவில் எஸ்எச்2 என்ற கை, இரு ஓரங்களிலும் எஸ்எச்3 கைகள். எஸ்எச்2 கை விரல் பார்க்கிற கை: டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா, அதிலிருந்து இரண்டாவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நிற்கிறதா என்று பார்த்துத்தான் பிடிக்கும்.

[திரையில்: பிசிஆர்-ஏபிஎல், 177-ஆம் டைரோசின் ஒளிர்கிறது]

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற ஓயாத கைனேஸ் உருவாகிறது. அதன் 177-ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறியதும் கிராப்2 வந்து பிடிக்கிறது. பிடித்த பிறகு நடப்பதுதான் முக்கியம். ஓர் எஸ்எச்3 கையில் எஸ்ஓஎஸ் என்ற புரதம் வந்தால் ராஸ் என்ற புரதம் விழித்து, ராஃப், மெக், எர்க் என்ற கைனேஸ்கள் வழியே வரிசையாகக் கட்டளை இறங்கி, செல் இரண்டாகப் பிரியத் தொடங்கும். மற்ற எஸ்எச்3 கையில் கேப்2 என்ற இன்னொரு அடாப்டர் வந்தால் அதன் வழியாக பிஐ3 கைனேஸும், அப்புறம் ஏகேடி என்ற கைனேஸும் கிளம்பி, செல்லைச் சாகவிடாமல் காக்கும். ஒரே இடத்தில் பிடித்து இரண்டு பாதைகளைத் திறந்துவிடுகிறது!

அந்த 177-ஐ மட்டும் மாற்றிய பிசிஆர்-ஏபிஎல்லை எலிகளின் எலும்பு மஜ்ஜையில் வைத்துப் பார்த்தார்கள். கைனேஸ் வேலை செய்தது, ஆனாலும் வழக்கமான அந்த மைலாய்டு நோய் வரவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, மருந்து? அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்ற இமாட்டினிப், பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி வந்து அமர வேண்டிய கைனேஸின் குழியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பாஸ்பேட் ஏறாது, கிராப்2 பிடிக்க ஆளில்லை. வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்த விடாதீர்கள்.

சிலருக்கு அந்தக் கைனேஸின் 315-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசின் என்ற வேறொன்றாக மாறிவிடும். அப்போது இமாட்டினிப் ஒட்டாது, 177 மறுபடி ஒளிரும், தரகர் மறுபடி வந்துவிடுவார். அந்த மாற்றம் இருந்தாலும் ஒட்டக்கூடிய பொனாட்டினிப் என்ற மருந்து 2012-ல் வந்தது.