கடலை அசைப்பது எது?

(நாகப்பட்டினத்தில் புவியியல் ஆசிரியர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வணக்கம்.

அலை, ஓதம் (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது), நீரோட்டம் ஆகிய மூன்றையும் பாடநூல் அடுத்தடுத்து வைக்கிறது. பிள்ளைகளும் வரையறைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால், நீரை அசைப்பது எது என்று கேட்டால், மூன்றுக்கும் காற்று என்றோ மூன்றுக்கும் நிலா என்றோ விடை வருகிறது. ஆகவே, காரணத்தை முதலில் சொல்லிக்கொடுத்து, வரையறையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அலை பெரும்பாலும் காற்றின் வேலை. ஆற்றல்தான் கரை நோக்கி வருகிறது. ஆழமான இடத்தில் நீர் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே வட்டமிடுகிறது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் மிதக்கும் தென்னை மட்டை ஏறி ஏறி இறங்குவதைக் காட்டினால் பிள்ளைகளுக்கு இது விளங்கிவிடும்.

ஓதத்திற்குக் கூடுதல் நேரம் வேண்டும். நிலா இழுப்பதால் நீர் உயர்கிறது என்று மட்டும் சொன்னால், நாளுக்கு இருமுறை உயர்வது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அது விடையாகாது. நிலா, தன்னை நோக்கிய பக்கத்து நீரைப் பூமியின் மையத்தைவிடச் சற்று வலுவாகவும், எதிர்ப்பக்கத்து நீரைச் சற்று வலுக்குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால்தான் இரு பக்கமும் கடல் பொங்குகிறது. பூமி ஒருமுறை சுழல்வதற்குள் நிலாவும் நகர்ந்துவிடுவதால், ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனின் இழுப்பும் சேர்ந்துகொள்ள ஏற்றம் மிகும். அஷ்டமியை ஒட்டிக் குறையும்.

குஜராத்தின் பாவ்நகரில் 10 மீட்டர் வரை செல்லும் ஓதம், நம் கரையில் பொதுவாக ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் டெல்டா மிகத் தட்டையான நிலமாதலால், ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் அந்தச் சிறு ஏற்றமே உப்புநீரை முகத்துவாரம் வழியாக வெகுதூரம் உள்ளே தள்ளிவிடுகிறது. கடைமடையில் ஆறுகளின் குறுக்கே மதகுகள் கட்டி, கடல்நீரைத் தடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். கடைமடை விவசாயியின் பிள்ளை இதை வீட்டிலேயே கேட்டிருக்கும். வகுப்பில் அதைப் பேசச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள். அதனால் சுனாமியை நிலாவோடு சேர்த்து நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே அதற்குக் காரணம். பௌர்ணமியில் வரும் ஓதம் வேறு என்பதை, இத்தனை உயிர்களை இழந்த இம்மாவட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியாக வேண்டும்.

மீனவர்கள் நீவாடு என்று அழைக்கும் நீரோட்டத்தில் நீரே இடம்பெயர்கிறது. நம் கிழக்குக் கரையோரம் பிப்ரவரி முதல் மே வரை அது பெரும்பாலும் வடக்கு நோக்கிச் செல்லும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக்காற்றுக் காலத்தில், தெற்கே திரும்பி, வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீரைக் கொண்டுவரும். பருவத்துக்குப் பருவம் திசை மாறும் இந்த ஓட்டத்தை அறிய, கடலுக்குப் போய்வரும் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள்.

செயல்பாடாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். அலையடிக்காத கழிமுகப் படித்துறையில் அளவுகோல் ஒன்றை நட்டு, அமாவாசை தொடங்கி அடுத்த அமாவாசை வரை, பகலில் நீர் உச்சத்தில் நிற்கும் நேரத்தையும் உயரத்தையும் பிள்ளைகள் குறித்து வரட்டும். கரையில் நின்றே பார்க்க வேண்டும். யாரும் நீரில் இறங்கக் கூடாது. பகல் உச்சம் தவறிப்போகும் நாளில் அந்தக் கட்டத்தை வெற்றாக விடச் சொல்லுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.