உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் கேட்கும் நேரம் இது என்றார்கள். அதனால் காலில் இருந்தே தொடங்குகிறேன்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. பாதி சரி. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் மெலனோமா அவர்களுக்குத்தான் அதிகம். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அபூர்வம். ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார்.

இந்த நோயில் அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம். அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-இல் அதை மில்லிமீட்டரில் அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுமுன் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். தோலின் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நண்டு வரப்பைத் துளைக்கிற மாதிரி புற்று செல் அதைத் துளைத்து இறங்கும். அப்புறம் நிணநீர், ரத்தம் வழியே நுரையீரல், மூளை வரை போய்விடும்.

துளைக்கும் அந்தக் கட்டத்தை நோயாளியின் உடம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எலியின் தோலும் முழுதாக உதவாது. அதன் மேலடுக்கு மெலிந்தது. நிறச் செல்கள் பெரும்பாலும் ரோமக்கால்களுக்குள் இருக்கும்.

அதனால் மனிதத் தோலையே வளர்க்கிறார்கள். 1975-இல் விஞ்ஞானிகள் ரைன்வால்டும் கிரீனும் தோல் செல்களை ஆய்வகத் தட்டில் பெருக வைத்ததில் இருந்து வந்த வழி இது. அறுவை சிகிச்சையில் மிஞ்சிய தோலில் இருந்து செல்களைப் பிரிப்பார்கள். உள்ளடுக்குச் செல்களைக் கொலாஜன் என்ற புரதக் கூழில் கலந்து சிறு கிண்ணத்தில் உறைய விட்டு, அதன்மேல் மேலடுக்குச் செல்களைப் பரப்புவார்கள். சில நாள் ஊட்டத் திரவத்தில் மூழ்கி இருக்கும். பிறகு மேற்பரப்பு மட்டும் காற்றில் படும்படி தூக்கி வைப்பார்கள். சத்து அடியில் இருந்து மட்டும் ஏறும். காற்றுப் பட்டால்தான் செல்கள் அடுக்கடுக்காகி, மேலே நம் தோலைப் போலவே உலர்ந்த படலம் கட்டும். எனக்கு இன்றைக்கும் வியப்பு தருவது இந்த இடம்தான்.

இதில் மெலனோமா செல்களைக் கலந்து, சில நாள் கழித்து நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஆரம்பக் கட்டியின் செல்கள் மேலடுக்கிலேயே நிற்கின்றன. பரவிய கட்டியின் செல்களோ கொலாஜனுக்குள் இறங்கிவிடுகின்றன. காரணமும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது: நிறச் செல்லை அக்கம்பக்கத்துச் செல்களோடு கட்டி வைக்கும் ஈ-கேதரின் என்ற புரதத்தை அவை இழந்துவிடுகின்றன. இறங்குவதைத் தடுக்கும் மருந்துகளையும் இந்தத் தோலில் சோதிக்கலாம். ஆனால் தனியாகச் சேர்த்தால் ஒழிய இதில் ரத்த ஓட்டமோ நோய் எதிர்ப்புச் செல்களோ கிடையாது. இங்கே பலித்த மருந்து மனித உடம்பிலும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

கடைசியாக ஒன்று. உள்ளங்காலில் கறுத்தால் ஆணி என்று பிளேடால் சீவுகிறார்கள். தயவுசெய்து சீவாதீர்கள். எல்லாக் கறுப்பும் புற்று அல்ல. ஆனால் பெரிதாகிக்கொண்டே போகிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற புள்ளி என்றால் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். நன்றி, வணக்கம்.