எல்லையில் அறுந்துபோகும் சிகிச்சை

(உலக மனநல நாளையொட்டி, தமிழக-ஆந்திர எல்லையிலுள்ள பள்ளிப்பட்டில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆந்திரத்து நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பேருந்தேறி வந்திருக்கும் குடும்பத்தினரே, நோயோடு வாழ்ந்துகொண்டே இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மனநலச் சேவையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எத்தனை மருத்துவர்கள், எத்தனை படுக்கைகள் என்றுதான் முதலில் கணக்குப் பார்க்கிறோம். நான் அந்தச் சேவையைப் பெறுகிறவரின் பக்கம் நின்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வந்திருக்கிறேன். தொடங்கிய சிகிச்சை ஏன் பாதியில் அறுந்துபோகிறது? மனச்சிதைவு நோயுள்ள ஒருவரை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எப்படியோ ஒரு வழி பிறந்துவிடும். அதன் பிறகு மாதந்தவறாமல், ஆண்டுக்கணக்கில், அவர் வாழும் ஊருக்கு அருகிலேயே மருந்தும் ஆறுதலும் கிடைக்கச் செய்வதுதான் சமூக மனநலப் பணி.

தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் செய்துகாட்டிய முன்னோடிப் பணியை அடியொற்றி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் குழுவினர் குறித்த நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள், மாத்திரைகள் இலவசம். ஆயினும், 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் சிகிச்சை பெறாதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு வரை இருப்பதாகக் கண்டது. இதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம் பகுதியின் தறிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மனச்சிதைவுக்குத் தரப்படும் பழைய மருந்துகளில் சில கைநடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் உண்டாக்கும். கோப்பில் அது பக்கவிளைவு என்று பதிவாகும். தறிக்காரருக்கோ, அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சுப் போட விரல் ஒத்துழைக்காத நிலை அது. நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால், நடுக்கம் வந்த வாரத்தில் வீட்டு அடுப்பும் தடுமாறுகிறது. இரவில் விசைத்தறி ஓட்டுபவர், பகல் முழுவதும் மயக்கம் போல அழுத்தும் மாத்திரையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறார். அதே நோய்க்கான ஓலன்சபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளும் இளம்பெண், சில மாதங்களில் உடல் பெருத்து, ஊராரின் பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்குகிறாள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு: அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு மருந்து தரலாம், நடுக்கத்துக்குத் தனி மாத்திரை சேர்க்கலாம். ஆனால் நீண்ட வரிசையில் சில நிமிடங்களே கிடைக்கும்போது, "என்ன வேலை செய்கிறீர்கள், அந்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா?" என்ற கேள்வி எழுவதேயில்லை. மருந்தை நிறுத்தியவர் மீண்டும் நோயுற்று வரும்போது, ஒத்துழைக்காத நோயாளி என்ற பெயர் மட்டும் அவருக்கு மிஞ்சுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நோயின் தன்மையையும் சிகிச்சையையும் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது.

புரியும் மொழி என்பது இங்கே எளிய செய்தியன்று. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தபோது நிலம் பிரிந்தது; பெண் கொடுப்பதும் எடுப்பதும் பிரியவில்லை. இந்தப் பக்கத்துப் பெண் நகரியில் வாழ்க்கைப்படுகிறாள். அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் வேலை தேடி இங்கே குடியேறுகிறது. இடம் மாறும்போது மருந்துச் சீட்டு செல்லாததாகிறது, ஆதார் முகவரி கேட்கப்படுகிறது, பழைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே வாழ்க்கைப்பட்டவள் அதையும் தெலுங்கில் தட்டுத்தடுமாறிச் சொல்ல வேண்டியிருக்கிறது. புகுந்த வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்தால் மருந்து அங்கேயே நின்றுவிடும். கை முறிந்தவர்கள் தமிழகமெங்கிலுமிருந்து புத்தூர்க் கட்டுக்கு வருகிறார்கள். எந்த மாநிலத்து ரேஷன் அட்டை என்று அவர்களை எவரும் கேட்பதில்லை, அவர்களும் வெட்கப்படுவதில்லை. மனம் முறிந்தவருக்கு மட்டும் இந்த எல்லை ஏன் இவ்வளவு உயரமாக நிற்கிறது?

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, மனநோயுள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் பயணம் செய்ய நேரக்கூடாது என்கிறது. சாதி, மதம், பாலினம் ஆகியவற்றோடு வேறு எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் என்பதும் அந்த வேறு அடிப்படைகளில் ஒன்றே என்பது என் வாதம்.

சோளிங்கருக்குச் செல்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்னமலை ஆஞ்சநேயர் சன்னதியில் மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து தங்கவைக்கும் குடும்பங்களை நான் குறைசொல்ல மாட்டேன். அங்கே எவரும் அவர்களை விரட்டுவதில்லை. உடன் வந்தவருக்கும் இடம் கிடைக்கிறது. வழிபாட்டோடு மாத்திரையும் தொடரட்டும் என்பதே என் வேண்டுகோள். ஆனால் சங்கிலி எங்கும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது, பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று சங்கிலியால் பிணைப்பதைச் சட்டமே தடைசெய்கிறது. குடும்பம் உடனிருப்பதன் பலனை மருத்துவமும் அறியும்; வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், உறவினரும் நோயாளியோடு தங்கும் முறையில் வளர்ந்தது.

நோயாளிகளின் உரிமை பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியங்களில் நோயுற்றவர்களுக்கும் பராமரிப்போருக்கும் அவர்கள் சார்பான அமைப்பினருக்கும் சட்டம் இடம் ஒதுக்கியிருக்கிறது. நம் தாலுகா மருத்துவமனையின் முகாம் நாளையும் நேரத்தையும் முடிவுசெய்யும்போதும் அவர்களைக் கேட்க வேண்டும். தறிக்கு விடுமுறை எந்த நாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இரு மாநில மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு மனு அனுப்பலாம் என்று எண்ணுகிறேன். மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக எழுதிய சீட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். அந்தச் சீட்டை எல்லையின் இருபுறமும் ஏற்று, ஒரு மாத மருந்தாவது உடனே தர வேண்டும். தமிழும் தெலுங்கும் அறிந்த ஒருவர் முகாமில் இருக்க வேண்டும். அதுவரை, இரவில் மனம் தாங்காதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணமில்லை, இரு மொழிகளிலும் பேசலாம். மனுவில் இன்னும் என்ன சேர்க்க வேண்டும் என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் இப்போது சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.