ஹெட்லைட்டுக்குள் தண்ணீரா? ட்ரில்லைக் கீழே வையுங்கள்!

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வைப்பர் பிளேடு பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவில். இதை இப்போதே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், பாருங்கள். இடது பக்க ஹெட்லைட், உள்பக்கம், கீழ் மூலை. முத்து முத்தாகத் தண்ணீர், அடியில் சின்னதாகத் தேங்கியும் நிற்கிறது. வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு ஒருவர், "அடியில் சின்னதா ஒரு ஓட்டை போடுங்க, தானா வடிஞ்சிடும்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் வடியும், சரி. டயர் வாரியடிக்கும் சேறும் தூசியும் அதே ஓட்டை வழியாக உள்ளே வருமே, அதற்கு என்ன செய்வது? உள்ளே வெளிச்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டரில் இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. துணியால் துடைத்தாலே கீறல் விழும். ஒரு தடவை மங்கிவிட்டால் வெளிச்சம் போனது போனதுதான். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஹெட்லைட்டுகள் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி அல்ல, அவை மூச்சு விடும். லைட் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். அந்தக் காற்று போய்வரத்தான் பின்பக்கம் சின்ன ரப்பர் குழாயோ மெல்லிய சவ்வு ஒட்டிய துவாரமோ வைத்திருக்கிறார்கள். அதனால் ஈரமான காலையில் கண்ணாடியின் உள்பக்கம் லேசாகப் பனி மாதிரி படிந்து, லைட் போட்டு ஓட்டியதும் மறைந்துவிட்டால் அது கோளாறே இல்லை. எல்இடி ஹெட்லைட்டில் மறையக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும். ஹாலஜன் பல்பின் சூடு முன்னால் இருக்கும் கண்ணாடியில் அடிக்கும். எல்இடியின் சூடோ பின்பக்கம் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் என்ற உலோகப் பாகம் வழியாகப் போய்விடும், கண்ணாடி குளிர்ச்சியாகவே இருக்கும்.

சொட்டுச் சொட்டாக வழிகிறது, அடியில் தேங்குகிறது என்றால்தான் எங்கோ கசிவு. என் வண்டியில் எங்கே என்று நினைக்கிறீர்கள்? பின்னால் பல்பு மாற்றும் துளையை மூடும் டஸ்ட் கேப்! அண்மையில் வெளியே ஒரு இடத்தில் பல்பு மாற்றினேன். அங்கே மூடியைக் கோணலாக மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. இதோ, விரல் வைத்துக் காட்டுகிறேன், இந்த இடம்.

இந்த மூடியைச் சரியாக மாட்ட நான் பட்ட பாடு! ஏர் ஃபில்டர் குழாய் குறுக்கே நிற்கிறது, கை நுழையவில்லை. குழாயைக் கழற்றினேன். இப்போது கை போகிறது, ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. போன் கேமராவை உள்ளே நீட்டிப் பார்த்துப் பார்த்து, வளையத்தைப் பள்ளத்தில் சுற்றிலும் அழுத்தி உட்காரவைத்து, மூடியைத் திருப்பினால் பாதியில் நிற்கிறது. எடுத்து மறுபடியும். கடைசியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், அப்படி ஒரு நிம்மதி. அந்தச் சத்தம் வராதவரை மூடி மூடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விசிறி வைத்த எல்இடி பல்பு வாங்கிப் போட்டு, மூடி மூடவில்லையென்று அப்படியே திறந்து விடுபவர்களுக்கும் இதே கதிதான்.

அடடா, முக்கியமான ஒன்று விட்டுப்போனது. மூடியில் கை வைப்பதற்கு முன் லைட்டை அணைத்து, பல்பு நன்றாக ஆறட்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. எண்ணெய்ப் பசை ஒட்டிய இடத்தில் மட்டும் சூடு ஏறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

சரி, உள்ளே இருக்கும் தண்ணீரை எடுப்பது எப்படி? மூடியைத் திறந்து, வண்டியைக் காய்ந்த இடத்தில் நிறுத்தினேன். ஹேர் டிரையரை மிதமான சூட்டில் தள்ளிப் பிடித்து, பின்பக்கத் துளை வழியாகக் காற்று அனுப்பினேன். கிட்டே வைத்து வறுத்துவிடாதீர்கள், முன்னால் இருப்பதைக் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். மிச்ச ஈரத்துக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் துளைக்குள் பாதி தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் ஒரு சொட்டு இல்லை! ஆனால் கசிவை அடைக்காமல் ஜெல்லை மட்டும் நம்பினால், அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை.

காற்று போய்வரும் அந்த ரப்பர் குழாயையும், அதாவது வென்ட் குழாயையும் பாருங்கள். என்னுடையதில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. அது அடைத்துக்கொண்டால், சுருங்கும் காற்று வேறு எந்த இடுக்கு கிடைக்கிறதோ அதன் வழியாக ஈரத்தை இழுக்கும். ஓட்டி வந்த சூட்டோடு ஹெட்லைட்டில் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சுவதும் அதனால்தான் எனக்கு ஆகாது. உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, கசிவு இருந்தால் தண்ணீரையே உறிஞ்சிக்கொள்ளும்.

கசிவை அடைக்க ஹெட்லைட்டைச் சுற்றிலும் சிலிக்கோன் பசை பூசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வென்ட்டை அடைத்துவிடாதீர்கள். வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அமில ஆவி ரிஃப்ளெக்டர் பூச்சை அரிக்கும். கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ ஓரத்துப் பசை விட்டுப்போயிருந்தாலோ அது பெரிய வேலை. சில மாடல்களைச் சூடாக்கிப் பிரித்து மறுபடி ஒட்டலாம், சிலவற்றைப் பிரிக்கவே முடியாது.

இப்போதுதான் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓரம் முழுக்க விட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்தே இருக்கிறது. உங்கள் ஹெட்லைட்டில் தண்ணீர் எங்கே நிற்கிறது, அதற்கு முன் பல்பு மாற்றினீர்களா என்று கமெண்டில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.