யாருக்கு அந்தக் கார்?

வணக்கம் நண்பர்களே. விருதுப் பட்டியலைப் படிக்கும் முன் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்றார்கள். எனக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

நம் பேஸ்பால் லீகில் பந்து கிடையாது, மட்டை கிடையாது, மைதானமும் கிடையாது. பகடை, அட்டை, ஸ்கோர் நோட்டு, அவ்வளவுதான். உலகத்தில் இல்லாத ஆட்டக்காரர்களுக்கு எதற்கு இத்தனை கணக்கு, விருது வேறு எதற்கு என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். இதே வேலையை 1930களில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் ஊரில் ஒரு பையன் தன் அறையில் உட்கார்ந்து செய்தான். பின்னாளில் எழுத்தாளராகப் பேர் வாங்கிய ஜாக் கெருவாக்தான் அந்தப் பையன். கோலிக்குண்டு, பல்குத்தி, ரப்பர் என்று கையில் கிடைத்ததை ஒரு குறியை நோக்கி வீசி, அது போன போக்கை வைத்து ஒவ்வொரு அடியையும் முடிவு செய்தான். நியூயார்க் செவ்வீஸ், செயின்ட் லூயிஸ் காடிலாக்ஸ் என்று சில அணிகளுக்குக் கார்களின் பெயரை வைத்தான். வைனோ லவ் என்று அவனுக்கு ஒரு ஆட்டக்காரர் இருந்தார். பேட்டிங் சராசரி, அணிகளின் நிலவரம், சம்பளக் கணக்கு எல்லாம் எழுதி, லீகுக்கென்று செய்தித்தாளும் தானே டைப் அடித்தான். பெரியவனான பிறகும் அதை விடவில்லை. அந்தத் தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

ஆடுவது, தீர்ப்புச் சொல்வது, ஸ்கோர் எழுதுவது, செய்தி போடுவது எல்லாம் ஒரே ஆள். தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு அடியை மாற்றி எழுதிவிட்டால் அப்புறம் அந்த லீகில் அவனுக்கே என்ன இருக்கிறது?

இப்போது நிஜ லீகுக்கு வாருங்கள். 1910. சால்மர்ஸ் என்று ஒரு கார் கம்பெனி, அந்த சீசனில் பேட்டிங் சராசரியில் முதலில் வருபவருக்கு ஒரு கார் பரிசு என்று அறிவித்தது. பந்தை அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் பேஸ் என்கிற முனையைத் தொட்டால் அது ஒரு ஹிட். அடிக்க வந்த தடவைகளில் எத்தனை ஹிட் என்பதுதான் சராசரி. சுத்தமான கணக்குப் பரிசு, நம் ஊரில் ஐபிஎல்லின் ஆரஞ்சுத் தொப்பி மாதிரி. யாரும் ஓட்டுப் போட வேண்டாம், கூட்டி வகுத்தால் போதும். இதில் சண்டைக்கு இடமே இல்லை என்றுதானே தோன்றும்?

சீசன் முடிவில் டெட்ராய்ட்டின் டை காப் முன்னால் இருந்தார். கிளீவ்லாந்தின் நாப் லாஜோய் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். காப் கடைசி இரண்டு ஆட்டங்களில் இறங்கவில்லை. இறங்கி ஹிட் அடிக்காமல் போனால் சராசரி குறையும், இறங்காவிட்டால் அப்படியே நிற்கும். அவரைச் சக ஆட்டக்காரர்களுக்கே பிடிக்காது, எதிரணிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்டோபர் 9 அன்று செயின்ட் லூயிஸில் லாஜோய்க்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அந்த ஊர் பிரௌன்ஸ் அணியின் மேனேஜர் ஜாக் ஓகானர், மூன்றாம் பேஸில் நின்ற ரெட் காரிடன் என்ற புதுப் பையனைப் பின்னால், கிட்டத்தட்ட புல்வெளி ஓரம்வரை போய் நிற்கச் சொன்னார்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கண்ணில் கொண்டுவாருங்கள். லாஜோய் மட்டையைப் பாதியில் பிடித்துப் பந்தை மெதுவாகத் தட்டி விடுகிறார். அதுதான் பன்ட். பந்து மூன்றாம் பேஸ் பக்கம் உருளுகிறது. அதை எடுக்க வேண்டிய பையன் எங்கோ தூரத்தில் நிற்கிறான். அவன் ஓடி வந்து குனிந்து எடுப்பதற்குள் லாஜோய் முதல் பேஸில் நிற்கிறார். மறுபடியும் அதே. மறுபடியும். அன்று அவருக்கு 8 ஹிட், அதில் பெரும்பாலானவை பன்ட். இன்னொரு அடி ஹிட்டாகக் கணக்கில் ஏறவில்லை என்றதும், அதை மாற்றி எழுதினால் ஒரு புது சூட் தைத்துத் தருகிறோம் என்று பிரௌன்ஸ் தரப்பிலிருந்து ஸ்கோரருக்குச் சீட்டு போனது. ஸ்கோரர் மாற்றவில்லை. எனக்கு அந்த நாளிலேயே பிடித்த ஆள் அவர்தான். சூட் வேண்டாம் என்றவர்.

லீக் தலைவர் பான் ஜான்சன் கணக்கெல்லாம் பார்த்து, தசம இடத்தில் மயிரிழை வித்தியாசத்தில் காப்தான் முதல் என்றார். ஓகானரின் வேலை போனது. சால்மர்ஸ் கம்பெனி இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்துவிட்டது. கதை அதோடும் முடியவில்லை. காப் ஆடிய ஒரு ஆட்டம் ஏட்டில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது என்று 1981இல் வெளியே வந்தது. சரியாகக் கூட்டினால் லாஜோய்தான் முன்னால். பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பில் இருந்த அப்போதைய கமிஷனர் பழைய முடிவை மாற்ற மறுத்துவிட்டார்.

இந்தக் கூத்துக்குப் பிறகு 1911இல் சால்மர்ஸ் பரிசின் விதி மாறியது. சராசரிக்குப் பரிசு இல்லை, அணிக்கு அதிகம் பயன்பட்டவர் யார் என்று பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். இன்று எம்விபி என்று சொல்கிற விருதுக்கு முன்னோடி அது. கணக்கை நம்பிக் கெட்டோம், இனி மனிதர்களை நம்புவோம் என்று போனார்கள்.

மனிதர்கள் என்ன செய்தார்கள்? பாஸ்டனின் டெட் வில்லியம்ஸைப் பாருங்கள். 1941இன் கடைசி நாள் காலையில் அவர் சராசரி .39955. உட்கார்ந்துவிட்டால் .400 என்று முழுதாக்கி எழுதிவிடலாம், மேனேஜரும் உட்காரச் சம்மதித்தார். அவர் ஆடுகிறேன் என்று சொல்லி, ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, 8க்கு 6 அடித்து .406இல் முடித்தார். காப் 1910இல் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த வருட எம்விபி அவருக்கு வரவில்லை. தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோவுக்குப் போனது. சரி, அதையாவது ஏற்றுக்கொள்ளலாம், அதுவும் பெரிய சாதனைதான். ஆனால் 1942இல் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்குக் கிடைத்த ஓட்டங்கள்) மூன்றிலும் வில்லியம்ஸ்தான் முதல். விருது நியூயார்க்கின் ஜோ கார்டனுக்கு. 1947இலும் மூன்றிலும் முதல், அப்போதும் ஒரே ஒரு புள்ளியில், 202க்கு 201 என்று, டிமாஜியோவுக்கு. பத்திரிகைக்காரர்களோடு வில்லியம்ஸுக்கு ஒத்துப்போகாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்படியென்றால் கணக்குப் பட்டியலே மேல் என்று சொல்லிவிடலாமா? அங்கேயும் அதே மனிதருக்கு ஒரு அடி விழுந்தது. 1954இல் வில்லியம்ஸ் .345. பட்டம் வாங்கியது .341 அடித்த பாபி அவிலா. காரணம், பட்டியலில் சேர 400 அட்-பேட் வேண்டும், வில்லியம்ஸுக்கு 386தான். அவருக்கு அடிக்கிற மாதிரி பந்து போடவே பயந்து 136 தடவை வாக், அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் வாய்ப்பு, கொடுத்து அனுப்பினார்கள். அட்-பேட் என்பது சராசரிக்குக் கணக்கில் எடுக்கும் தடவை, வாக் அதில் சேராது. எதிரி பயந்தது அவர் கணக்கில் குறையாகப் போனது! அப்புறம்தான், 1957இல், மட்டையோடு வந்து நின்ற தடவைகளையே எண்ணலாம் என்று விதியைத் திருத்தினார்கள்.

ஓட்டுப் போடுகிறவர்களும் கற்றுக்கொள்வார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். 2010இல் சியாட்டில் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி, 12 தோல்வி. பழைய கண்ணுக்கு அது சுமார் சீசன். ஆனால் அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.27, லீகிலேயே குறைவு. அவர் அணிதான் அடிக்கவே இல்லை. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்கே கொடுத்தார்கள். வெற்றி எண்ணிக்கையைத் தாண்டிப் பார்த்த அந்த ஓட்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதனால் நம் லீகில் நான் இரண்டு காரியம் செய்திருக்கிறேன். எத்தனை தடவை மட்டையோடு வந்தால் பட்டியலில் இடம் என்பதை முதல் பகடை உருளும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். நடுவில் யாருக்காகவும் அதைத் தொடவில்லை. இரண்டாவது, எம்விபிக்கு ஓட்டுப் போட்ட ஒவ்வொருவரும் பெயரோடு காரணத்தையும் எழுதித் தர வேண்டும், அதை இங்கே எல்லோர் முன்னாலும் படிப்பேன். தன் அணிக்காரருக்கே போட்டிருந்தால் ஏன் என்று அதில் இருக்க வேண்டும்.

நோட்டை எடுத்துக்கொடுங்கள். முதலில் பேட்டிங் சராசரி.