அறுபதுக்குப் பின் ஒரு புதிய மொழி

(கோத்தகிரியில் மூத்த வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"இந்த வயதில் இனி என்ன மண்டையில் ஏறப்போகிறது?" என்று சொல்லிக்கொள்வதில் நம்மில் பலருக்கு ஒரு சுகம் இருக்கிறது, ஆனால், மூளையியல் ஆய்வுகள் அந்தச் சுகத்துக்கு இடம் தருவதில்லை.

ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரு மொழி பேசியவர்களுக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது தெரியவந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டதால், இதனைப் படிப்பின் பயன் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. வீட்டில் படுகு, சந்தையில் தமிழ், கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளம் என்று பேச்சை மாற்றி மாற்றிப் பழகிய இம்மலை மக்களுக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். எனினும், நான்கு மொழி தெரியும் என்று மார்தட்டுவோர் சற்றே பொறுக்க வேண்டும்: இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளால் கூடுதல் பயன் எதையும் அந்த ஆய்வு காணவில்லை.

வயதான பிறகு கற்றால்? ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், 18 முதல் 78 வயது வரையிலானோர் ஒரு வாரம் கேலிக் மொழியைத் தீவிரமாகப் பயின்றபோது, கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் திறன் அவர்களிடம் கூடியதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது; வாரத்துக்கு ஐந்து மணி நேரமேனும் பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின்னும் அது நீடித்தது. ஆகவே, ஆண்டுக்கணக்காகக் கைவந்த குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பிவிட்டு மூளைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டதாக நிறைவு கொள்வதை நான் ஏற்பதில்லை. சற்றுத் திணற வேண்டும்.

உடலை விட்டு மூளை மட்டும் தனியே தேறாது. வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு, நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 விழுக்காடு பெரிதானதை 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு பதிவுசெய்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை பற்றியெல்லாம் உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார், நான் நீட்டவில்லை. ஆனால், காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மறதிநோய்க்கு வழிவகுப்பவற்றுள் மாற்றிக்கொள்ளக்கூடியவை என லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் தொகுத்த 14 காரணிகளுள் செவித்திறன் குறைவும் ஒன்று. மூக்குக்கண்ணாடிக்கு வெட்கப்படாத நாம் காதுக்கருவிக்கு மட்டும் ஏன் கூசுகிறோம் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

எந்த மொழியைக் கற்பது என்று கேட்பீர்கள். தமிழ் மட்டும் அறிந்தவர்கள் பக்கத்து வீட்டாரிடம் படுகு கற்கத் தொடங்கலாம். தொன்றுதொட்டு எழுத்தின்றி வாய்மொழியாகவே வழங்கிவரும் மொழி என்பதால், புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு தனியே உட்கார்ந்துவிட முடியாது. ஒருவரோடு தப்பும் தவறுமாகப் பேசி, அவர் சிரிக்கும்போது திருத்திக்கொண்டுதான் கற்க வேண்டும். அந்த 14 காரணிகளுள் தனிமைப்பட்டுக் கிடப்பதும் உண்டு.