ஒளித்து வைத்த போன்தான் ஆபத்து

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம்.

‘சிறைவாசிகளுக்குத் தொலைத்தொடர்பு வசதியைக் கூட்டுவது அவசியமா, ஆபத்தா?’ என்ற தலைப்பில், அவசியமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணாச்சி இரண்டு கேள்வி கேட்டார். தப்பு செய்தவனுக்கு எதற்குப் போன்? உள்ளே இருந்தபடியே சாட்சியை மிரட்ட மாட்டானா? இரண்டாவது நியாயமான கேள்வி, பிறகு அதற்கு வருகிறேன். முதல் கேள்வியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைப் பாருங்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் தப்பு செய்தவர்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 1908-ல் வ.உ.சி.யும் இதே பாளையங்கோட்டைச் சிறையில் தீர்ப்புக்கு முன்பே அடைபட்டுக் கிடந்தவர்தானே!

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு பையனை ராத்திரி பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். முதலில் வாங்கி வைப்பது அவன் செல்போனை. அம்மா நம்பர், அக்கா நம்பர், வேலை கொடுத்த முதலாளி நம்பர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. இன்றைக்கு யாருக்கு ஐயா நம்பர் மனப்பாடமாகத் தெரிகிறது? ‘அதுதான் பேச விடுகிறார்களே’ என்றார் அண்ணாச்சி. உண்மை. மூன்று நாளுக்கு ஒரு முறை 12 நிமிடம், மாதத்துக்கு 120 நிமிடம் பேசலாம், வீடியோ அழைப்பும் உண்டு என்று 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நம்பர் தெரியாதவனுக்கு அந்த 120 நிமிடத்தால் என்ன பிரயோஜனம்?

அவன் அம்மா பீடி சுற்றுகிறவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மனு பார்க்க, அதாவது சிறையில் மகனைப் பார்க்க, பாளையங்கோட்டைக்குக் கிளம்பினால் அன்றைக்குப் பீடி சுற்றுகிற சுளகைத் தொட முடியாது, கூலியும் கிடையாது. பஸ் ஏறி வந்து, மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும் வரை காத்திருந்து உள்ளே போகிறாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போடுகிறார்கள். ‘வக்கீல் என்னம்மா சொன்னாரு?’ என்று அவன் கேட்கிறான். அவள் காதில் விழவில்லை. ‘சாப்பிட்டியாய்யா?’ என்கிறாள். அது மட்டும் அவனுக்குப் புரிகிறது. நேரம் முடிந்துவிடுகிறது. அதே தாய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் இருக்கிற சுளகை இறக்கி வைக்காமலே மகன் முகத்தைப் பார்த்துப் பேசினால் நாட்டுப் பாதுகாப்புக்கு என்ன கேடு வந்துவிடும்?

அப்புறம் ஜாமீன். 2021-ல் ஆக்ரா சிறையில் 13 பேருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும் உடனே விடவில்லை, உத்தரவு வந்து சேரவில்லை என்று காரணம் சொன்னார்கள். இந்தத் தகவல் தொழில்நுட்பக் காலத்திலும் புறா வந்து உத்தரவைக் கொடுக்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா வேதனைப்பட்டார். அதன் பிறகுதான் 2022-ல் உத்தரவை மின்னணு வழியாகவே சிறைக்கு அனுப்பும் ‘ஃபாஸ்டர்’ முறை வந்தது. ஜாமீன் உத்தரவை அன்றைக்கோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குச் சேர்க்க வேண்டும், ஏழு நாளில் அவர் வெளியே வராவிட்டால் இலவசச் சட்ட உதவி தருகிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சரி, உத்தரவு வந்துவிட்டது. பிணை நிற்க ஆள் வேண்டாமா? எந்தச் சித்தப்பா வருவார், யாரிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறது என்பது அந்தப் பையனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வழி இல்லாமல், ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடப்பான்.

இப்போது மிரட்டல் கேள்விக்கு வருகிறேன். மிரட்டுகிறவன் எந்தப் போனில் மிரட்டுகிறான்? சுவருக்கு மேலே வீசியோ, காசு கொடுத்தோ உள்ளே வந்த போனில். அதை வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை தண்டனை என்று ஒன்றிய அரசின் 2023 மாதிரிச் சிறைச் சட்டம் சொல்கிறது. தாராளமாகக் கொடுங்கள், எங்கள் அணிக்கு மறுப்பே இல்லை. பதிவு செய்த எண்ணுக்கு, பதிவாகிற இணைப்பில், காவலர் முன்னால் பேசுகிறவன் யாரை மிரட்டுவான்? பேச நல்ல வழி இருந்தால் திருட்டுப் போனை வாடகைக்கு விடுகிறவனுக்குத்தான் பிழைப்பு போகும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2021 ஏப்ரலில் இந்தப் பாளையங்கோட்டைச் சிறைக்குள் ஓர் இளைஞர் சக கைதிகளின் தாக்குதலில் இறந்துபோனார். சாதிப் பகை மதிலைத் தாண்டியும் போகிற ஊர் நம் ஊர். ‘என்னை இந்த பிளாக்கில் போட்டிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது’ என்று வீட்டுக்கும் வக்கீலுக்கும் உடனே சொல்ல ஒருவனுக்கு வழி இருக்க வேண்டாமா?

நாங்கள் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் கேட்கவில்லை. உள்ளே கொண்டுவரும் அன்றைக்கே, வாங்கி வைத்த போனிலிருந்து அவனுக்கு வேண்டிய நம்பர்களை எழுதிக் கொடுங்கள், அன்றைக்கே ஓர் அழைப்பும் கொடுங்கள். வக்கீலோடு பேசுவதை யாரும் ஒட்டுக் கேட்கக் கூடாது. மத்தியச் சிறையில் கிடைக்கிற வசதி கிளைச் சிறைகளில் இருப்பவர்களுக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும். இதில் எது ஆபத்து என்று அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சி சொல்லட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.